எதிராள் எண் 7714

கோதண்டபாணி பயிற்சியை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. காலை ஒன்பது நாற்பதுக்கு ஒத்திகை அறைக்குள் நுழைந்தால் சரியாகப் பத்து மணிக்கு வெளியே வருவார். அந்த இருபது நிமிடமும் திரையில் யாரோ ஒருவர் அவரை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருப்பார். அவர் முகம் கோணாமல் கேட்டுவிட்டு, "உங்க சிரமம் புரியுதுங்க. இருப்பிடச் சான்று மட்டும் கொண்டு வந்துடுங்க, இன்னிக்கே முடிச்சுத் தர்றேன்" என்பார். திரையின் மூலையில் மதிப்பெண் விழும். சென்ற ஆண்டுச் சராசரி எண்பத்தெட்டு. மாவட்டத்தில் மூன்றாமிடம். முதல் இரண்டு இடத்துக்காரர்களும் லஞ்ச் இடைவேளையில்கூடப் பழகுகிறார்கள் என்று அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

திருச்சியில் மாவட்டச் சான்றளிப்பு அலுவலகத்தில் அவர் கண்காணிப்பாளர். வயது ஐம்பத்தாறு. சான்று கேட்டு வருகிறவர்களுக்கு இல்லை என்று சொல்வதுதான் முப்பது வருடமாக அவர் தொழில். அதை அவர் குறைவில்லாமல் செய்துவந்தார். இனிமேல் இனிமையாகச் செய்ய வேண்டும் என்று ஆணை வந்தபிறகு இனிமையாகவும் செய்தார்.

ஆணைக்குக் காரணம் எளிது. சைக்கிள் பழக வேண்டுமென்றால் விழுந்து எழுந்து பழகச் சைக்கிள் இருக்கிறது. மனிதரிடம் பேசிப் பழக வேண்டுமென்றால் அப்படி விழுந்து எழ மனிதர் கிடைப்பதில்லை. ஒரு தடவை விழுந்தால் அவர் வருடக்கணக்கில் பேசமாட்டார். அதனால் எதிராள் என்ற இயந்திரம் வந்தது. நிஜமான ஒரு மனிதரின் ஒரு வருடப் பேச்சைக் கொடுத்தால் அது அவரைப் போலவே ஒருவரை உண்டாக்கித் திரையில் உட்கார வைக்கும். அதே குரல், அதே முணுமுணுப்பு, அதே பிடிவாதம். அவரிடம் ஆயிரம் தடவை பேசிப் பழகலாம். அவர் அலுத்துக்கொள்வார், ஆனால் எழுந்து போகமாட்டார்.

வேடிக்கை என்னவென்றால், அது நிஜமாகவே பலித்தது. கண்டக்டர்கள் "உள்ள போங்கம்மா" என்பதைக் காதுக்கு இதமாகச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். டாக்டர்கள் நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். வீட்டுப் பதிப்பு வந்ததும் மருமகள்களும் மாமியார்களும் தனித்தனி அறையில் தனித்தனியாகப் பழகிவிட்டு வந்து, சமையலறையில் வெகு நயமாக மோதிக்கொண்டார்கள். துக்க வீட்டில் "எப்படி ஆச்சு" என்று கேட்கும் வழக்கம் அருகிப்போயிற்று. அதற்கு நான்கு மதிப்பெண் குறைத்துவிடுவார்கள். ஒத்திகை பார்க்காமல் யாரும் யாரிடமும் முக்கியமான எதையும் பேசுவதில்லை என்ற நிலை வந்தது. அதை முன்னேற்றம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

ஆறு வருடத்துக்கு முன்பு, இயந்திரத்துக்கு ஆட்கள் போதாமல் ஒரு சுற்றறிக்கை வந்தது. ஒவ்வோர் அலுவலகமும் மார்ச் முப்பத்தொன்றுக்குள், பேசி வழிக்குக் கொண்டுவரக் கடினமான ஒரு மனிதரின் குரலை, அவருடைய ஒப்புதலுடன் அனுப்பி வைக்க வேண்டும். கடினமான மனிதருக்குத் திருச்சியில் என்ன பஞ்சம்? ஆனால் தான் கடினமான மனிதர் என்று எழுதிக் கையெழுத்துப் போட ஒருவரும் முன்வரவில்லை. முப்பத்தொன்றாம் தேதி மாலை நான்கு மணிக்கும் கோப்பு திறந்தே கிடந்தது. வேறு யாராக இருந்தாலும் அவகாசம் கேட்டிருப்பார்கள். கோதண்டபாணி தன் சர்வீஸில் ஒரு கோப்பையும் கெடு தாண்டி வைத்திருந்தவரில்லை. கொடையாளர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். கொடையாளரின் கடினத்தன்மைக்குச் சான்றளிக்கும் அலுவலர் என்ற இடத்திலும் அவரே கையெழுத்திட்டார். தன் தொலைபேசியின் ஒரு வருடப் பேச்சையும் கொடுத்துவிட்டு, கோப்பை மூடிவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போனார். பிறகு அதை மறந்தும் போனார்.

நினைவுபடுத்தியது மெகருன்னிசா. பத்து வருடமாக அதே பிரிவில் இருக்கும் உதவியாளர்.

"சார், நீங்க எவ்வளவு பிரபலம்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் ஒரு நாள் டீ நேரத்தில். "என் நாத்தனார் பொண்ணுக்குக் கல்யாணமாகி ரெண்டு மாசம். மாப்பிள்ளை கொஞ்சம் பிடிவாதம். தினம் எதிராள்கிட்ட பேசிப் பழகுறா. நேத்து அவ வீட்டுக்குப் போனா, உள்ள ரூம்ல உங்க குரல் கேக்குது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுடுச்சு."

"என் குரலா?"

"'நான் ஒரு தடவை சொன்னா சொன்னதுதான்'னு. உங்களத் தவிர யாரு சார்?"

அவள் கணினியில் தேடி எடுத்தாள். எதிராள் எண் 7714. கணவர். வயது ஐம்பது. கடினம்: ஐந்துக்கு ஐந்து. தமிழ்நாடெங்கும் நாலாயிரத்துச் சொச்சம் பெண்கள் அவரிடம் பழகிக்கொண்டிருந்தார்கள்.

"உங்களச் சம்மதிக்க வச்சுட்டா எந்தப் புருஷனையும் சம்மதிக்க வச்சிடலாம்னு பேசிக்கிறாங்களாம் சார்."

கோதண்டபாணி "அப்படியா" என்றார். அன்று இரண்டாவது டீ வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, யாரையும் பார்க்காமல், "எத்தனை பேர் சம்மதிக்க வச்சிருக்காங்க?" என்று கேட்டார்.

"நூத்துக்கு எழுபது பேர் சார்."

அது அவருக்குப் பிடிக்கவில்லை.

கொடையாளருக்குத் தன்னிடம் பழகுகிறவர்களின் பட்டியலைப் பார்க்க உரிமை உண்டு. பெயர் வராது, ஊரும் ஓர் எண்ணும்தான் வரும். மெகருன்னிசா அதைத் திறந்தாள். மதுரை, பதினாறு அமர்வு, சம்மதம் கிடைத்தது. ஓசூர், இருபத்திரண்டு அமர்வு, சம்மதம் கிடைத்தது. எல்லாவற்றுக்கும் மேலே, அதிகம் பழகியவர் இருந்தார். ஊர் திருவானைக்காவல். இருநூற்றுப் பன்னிரண்டு அமர்வு. சம்மதம் கிடைக்கவில்லை.

எண்ணின் கடைசி நான்கு இலக்கம் அவருடைய குடும்ப அட்டையில் இருப்பது. அவர் வீடும் திருவானைக்காவலில்தான். மெகருன்னிசாவுக்கும் அது தெரியும். ரேஷன் கடைத் திருத்தத்துக்கு அந்த அட்டையை நகலெடுத்ததே அவள்தான். இருவரும் சற்று நேரம் மின்விசிறியைப் பார்த்தார்கள்.

"என்ன சம்மதம்னு வருமா?"

"வராது சார். சம்மதம் கேட்டல்னு பாடம் பேர் மட்டும்தான். ரொம்ப நேரம் பேசவும் இல்ல. மூணு மூணு நிமிஷம்தான். நீங்க வேண்டாம்னதும் எழுந்து போயிடறாங்க." அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். "பாவம் சார்."

வீட்டில் அவரும் மனைவி சௌந்தரவல்லியும் மட்டும்தான். பிள்ளைகள் இல்லை. முப்பது வருடத்தில் அவள் அவரிடம் கேட்டுப் பெற்றவை என்று பார்த்தால் ஒரு தையல் மெஷின் இருக்கும், ஒரு திருப்பதிப் பயணம் இருக்கும். அப்படிப்பட்டவள் இருநூற்றுப் பன்னிரண்டு நாள் எதையோ கேட்டிருக்கிறாள், அதுவும் தன்னிடம் கேட்காமல் ஒரு பெட்டியிடம் கேட்டிருக்கிறாள் என்றால் அவருக்கு நெஞ்சு வலிக்காதா? வலித்தது. நாலு நாள் அவள் வாயைக் கிளற அவரும் என்னென்னவோ செய்துபார்த்தார்.

"என்கிட்ட ஏதாவது கேக்கணுமா?" என்றார் சாப்பிடும்போது.

"ஆமா. உப்பு போதுமா?"

"வேற?"

"மோர் ஊத்தவா?"

மறுநாள் தானாகவே தட்டைக் கழுவி வைத்தார். அவள் உடம்பு சரியில்லையா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

வேறு வழியில்லாமல் மெகருன்னிசாவிடம் போய் நின்றார். "அந்த எதிராளுக்கு, அவங்க என்ன கேட்டாங்கன்னு ஞாபகம் இருக்குமா?"

"இருக்கும் சார். ஆனா மத்தவங்ககிட்ட சொல்லாது."

"என்கிட்ட?"

அவள் யோசித்தாள். "சொல்லலாம் சார். அதுக்கு நீங்க மத்தவங்க இல்லையே."

அடுத்த நாள் ஒன்பது நாற்பதுக்கு அவர் 7714 என்று அழுத்தினார். திரையில் அவரே வந்து உட்கார்ந்தார். ஆறு வயது குறைவு, தலையில் முடி கொஞ்சம் அதிகம். கோதண்டபாணிக்கு முதலில் பட்டது, இந்த ஆளை எங்கோ கவுண்டரில் பார்த்திருக்கிறோம், வம்பு பிடித்த ஆள் என்பதுதான்.

"என்ன வேணும்?" என்றது 7714.

"நான்தான்."

"நான்தான்னா? பேர் இல்லையா?"

"கோதண்டபாணி."

"அது என் பேரு."

"சரி. சௌந்தரம் உன்கிட்ட தினமும் என்ன கேக்குறா?"

"அத எதுக்கு உன்கிட்ட சொல்லணும்?"

"நான் அவ புருஷன்யா."

"நானும்தான்."

வேறொருவராக இருந்தால் அங்கேயே கத்தியிருப்பார். கோதண்டபாணி எட்டு வருடம் பழகியவர். மூச்சை இழுத்து விட்டார். தோளைத் தளர்த்தினார். "உங்க சிரமம் புரியுதுங்க" என்று ஆரம்பித்தார். எதிரில் இருப்பவர் சொன்னதையே திருப்பிச் சொன்னார், இடையில் பேசாமல் கேட்டார், கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தார். பன்னிரண்டு நிமிடத்தில் 7714 இறங்கி வந்தது.

"தம்பிக்குக் கிட்னி குடுக்கணுமாம்."

"யாரு, ராமானுஜத்துக்கா?"

"வேற எந்தத் தம்பி இருக்கான் அவளுக்கு? ரெண்டும் போச்சாம். வாரத்துக்கு மூணு நாள் ஆஸ்பத்திரியில மெஷின்ல போட்டுத்தான் ரத்தத்தைச் சுத்தம் பண்றாங்களாம். இவளோடது பொருந்துதாம். புருஷன் நேர்ல வந்து குழு முன்னாடி சம்மதம் சொல்லணுமாம். அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி. நான் வேண்டாம்னுட்டேன்."

ராமானுஜத்தோடு அவர் பேசிப் பத்தொன்பது வருடமாகிறது. மைத்துனன் வீடு கட்டியபோது கொடுத்த மனுவில் ஓர் இணைப்பு குறைந்தது. மைத்துனன்தானே என்று கோதண்டபாணி வாங்கி வைத்துக்கொள்ளவில்லை, திருப்பி அனுப்பினார். அவன் கிரகப்பிரவேசத்துக்கு அவரை அழைக்கவில்லை. அதோடு சரி. தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று சௌந்தரவல்லி அடிக்கடி போய்வருவது தெரியும். என்ன உடம்பு என்று இவர் கேட்டதில்லை.

"ஏன்யா வேண்டாம்னே? அவ தம்பிய்யா அவன்."

"எனக்கு யாரு அவன்?"

"உயிர் விஷயம்."

"அப்ப மத்தவங்க குடுக்கட்டும்."

"அவ இருநூத்திப் பன்னெண்டு தடவை கேட்டிருக்கா."

"நானும் இருநூத்திப் பன்னெண்டு தடவை சொல்லியாச்சு."

கோதண்டபாணி தெரிந்த வித்தையெல்லாம் காட்டினார். கனிந்து பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், ஒரு கட்டத்தில் மேஜையைத் தட்டினார். மதிப்பெண் இருபத்திரண்டு. மாநிலத்தில் நூற்றுக்கு எழுபது பெண்கள் தாண்டிய ஆளை அவரால் தாண்ட முடியவில்லை. கடைசியில் வெறுத்துப்போய், "உன் பிரச்சினைதான் என்னய்யா?" என்று கேட்டார்.

7714 கழுத்தைத் தடவிக்கொண்டது.

"ஆபரேஷன்ல அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்றது. "ராமானுஜம் இருப்பான். அவன் பொண்டாட்டி இருப்பா. எனக்கு யாரு இருக்கா? இதத்தான் சொல்லணும்னு பாக்குறேன். வாயத் திறந்தா வேண்டாம்தான் வருது. அவளும் எழுந்து போயிடுறா."

அது அதுவரை கோதண்டபாணிக்கே தெரியாத செய்தி. அவர் திரையை அணைத்துவிட்டு, பத்து மணி தாண்டியும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். சர்வீஸில் முதல் தடவையாகக் கவுண்டரைத் தாமதமாகத் திறந்தார்.

அவர் முடிவு செய்துவிட்டார். பயம் தன்னுடையது. அதற்காக ஒரு மனுஷி தினமும் போய்க் கேட்டுக் கேட்டு அவமானப்பட்டு வரக் கூடாது. சம்மதம் சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் முடிவு செய்வது வேறு, சொல்வது வேறு. குளியலறைக் கண்ணாடி முன் நின்று "சரி" என்று சொல்லிப் பார்த்தார். யாரோ வாயைப் பிடித்து அமுக்கிச் சொல்ல வைத்ததுபோல் இருந்தது.

பாடத்திட்டத்தில் "சம்மதம் தெரிவித்தல்" என்று ஒன்று இருந்தது. அலுவலகத்தில் அதை யாரும் எடுத்ததில்லை. கோதண்டபாணி சேர்ந்தார். முதல் நாள் முப்பத்தொன்று. குறிப்பு: குரலில் விருப்பமில்லை, தாடை இறுகியிருக்கிறது. இரண்டாம் நாள் முப்பத்து நான்கு. காலையில் இருபது நிமிடம், மாலை அலுவலகம் முடிந்து இருபது நிமிடம் என்று விடாமல் பழகினார். பத்தாம் நாள் அறுபது தாண்டியது. பதினைந்தாம் நாள் அதன் விளைவுகள் வெளியே தெரிய ஆரம்பித்தன. மெகருன்னிசா கேட்ட மூன்று நாள் விடுப்பைக் காரணம் கேட்காமல் கொடுத்தார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் பதவி வேண்டாம் என்று எட்டு வருடமாகத் தள்ளிவந்தவர், கேட்டவுடன் ஒப்புக்கொண்டார். சான்று கேட்டு வந்த ஒருவரை உட்காரச் சொல்லி, குறைந்த இணைப்பைத் தானே எழுதிச் சேர்த்தார். அந்த மனிதர் பயந்துபோய் வெளியே போய் யாரிடமோ விசாரித்துவிட்டு வந்தார்.

இருபத்து நான்காம் நாள் தொண்ணூற்று மூன்று. அன்று சனிக்கிழமை. குழு கூட இன்னும் ஐந்து நாள்.

மத்தியானம் சௌந்தரவல்லி கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவர் எதிரில் உட்கார்ந்தார். தாடையைத் தளர்த்தினார். எட்டாம் பாடத்தில் சொன்னபடி அவள் கைமேல் கையை வைத்தார்.

"சௌந்தரம். எனக்குச் சம்மதம்."

"எதுக்கு?"

"எல்லாம் தெரியும். தம்பிக்குக் குடு. பதினெட்டாம் தேதி நானே வந்து சொல்றேன். எனக்குப் பயம்தான். இருந்தாலும் சம்மதம்."

நன்றாக வந்தது. அவருக்கே தெரிந்தது. சௌந்தரவல்லி அவரைப் பார்த்தாள். கண் நிறைந்தது, வழிந்தது. இதுவும் பாடத்தில் உண்டு. நன்றிக் கண்ணீர் வந்தால் குறுக்கே பேசாமல் காத்திருக்க வேண்டும். அவர் காத்திருந்தார்.

"யாரு உங்களச் சம்மதிக்கச் சொன்னா?" என்றாள் அவள்.

பாடத்தில் இது இல்லை.

"நீதானே... தினமும்..."

"எனக்குப் பயமா இருக்குங்க." அவள் கீரைத்தட்டை நகர்த்தி வைத்தாள். "பொருந்துதுன்னு ரிப்போர்ட் வந்த அன்னிக்கே வயித்துல வந்து உக்காந்துடுச்சு. கத்தி வைப்பாங்கன்னு நினைச்சா அருவாமனையத் தொடவே பிடிக்கல. ஆனா ராமு மூஞ்சியப் பாத்து முடியாதுன்னு எப்படிச் சொல்லுவேன்? இடுப்புல தூக்கி வளத்தேன் அவன. 'உங்க அத்தான் சம்மதிக்கணுமேடா'ன்னேன். 'அவர் எங்கக்கா சம்மதிக்கப் போறாரு'ன்னு அவனே சிரிச்சான். சரி, நீங்க ஒருத்தர் இருக்கீங்கன்னு தைரியமா இருந்தேன்."

"அப்ப அந்த இருநூத்திப் பன்னெண்டு தடவை?"

"காலைல நீங்க ஆபீஸ் போனதும் பயம் வரும். வயசாகுது, மனசு மாறிட்டீங்கன்னா என்ன பண்றதுன்னு. போய்க் கேப்பேன். வேண்டாம்னு சொல்லுவீங்க. அதுக்கப்புறம்தான் எனக்கு டிபனே இறங்கும்."

கோதண்டபாணி அவள் கைமேல் வைத்த கையை எடுத்துக்கொண்டார். வாழ்க்கையில் ஒரு நல்ல காரியத்தை நாள் தவறாமல் பழகிச் செய்தார். அது வந்த வழியே திரும்பி அவர் மடியில் விழுந்துவிட்டது.

"குழுகிட்ட நீயே தனியா சொல்லிடேன். ரகசியமா வச்சுப்பாங்க."

"சொன்னா நான் சொன்னதா ஆயிடும்ல? தம்பிக்குக் குடுக்கப் பயந்தவள்னு எனக்கே தெரிஞ்சிடும்ல?"

"இப்ப மட்டும் தெரியலயா?"

"இதுவரைக்கும் நீங்கதானே வேண்டாம்னீங்க" என்றாள். சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவள்போல் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவருக்குக் கோபம் வரவில்லை. வரவேண்டியதுதான், ஆனால் அவள் அழுவதைப் பார்த்ததும் வரவில்லை. "சரி விடு. நான் வேண்டாம்னு சொல்லிடறேன்" என்றார்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பார்த்தாள். "இப்படிச் சொன்னா யாரு நம்புவா? முன்னாடி 'உங்க சிரமம் புரியுதுங்க'ன்னும் சேத்துக்குங்க."

உண்மைதான். மறுத்துச் சொல்லும் பழக்கம் அவரிடமிருந்து போய்விட்டிருந்தது. திங்கட்கிழமை பாடத்திட்டத்தைப் புரட்டினார். கனிவாக மறுத்தல், காரணம் கூறி மறுத்தல், மாற்று வழி காட்டி மறுத்தல் என்று ஏழெட்டு இருந்தன. முரட்டுத்தனமாக மறுத்தல் என்று ஒன்றும் இல்லை. அதற்கு யாரும் பழக வேண்டியதில்லை என்று நினைத்திருப்பார்கள். 7714ஐ அழைத்தார்.

"வேண்டாம்னு சொல்றது எப்படிய்யா?"

"இதுக்கெல்லாமா பயிற்சி?" என்றது 7714. "பயம் இருந்தா தானா வருது. உனக்குப் பயம் போயிடுச்சா?"

"போகல."

"அப்புறம் என்ன? போய் வேலையப் பாரு."

பதினெட்டாம் தேதி ஆஸ்பத்திரியின் நாலாவது மாடியில் குழு உட்கார்ந்திருந்தது. இரண்டு டாக்டர்கள், ஒரு பெண் அதிகாரி. சுவரோரமாகச் சக்கர நாற்காலியில் ராமானுஜம். பத்தொன்பது வருடத்தில் ஆள் பாதியாகியிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி ஹேமா. யாரும் யாரையும் பார்த்து வாங்க என்று சொல்லவில்லை.

அதிகாரி முதலில் சௌந்தரவல்லியிடம் கேட்டார். "யாராவது கட்டாயப்படுத்தினாங்களாம்மா?"

"இல்லைங்க."

"முழு மனசோட குடுக்கிறீங்களா?"

"முழு மனசோட" என்றாள் சௌந்தரவல்லி.

குரலில் ஒரு பிசிறு இல்லை. அதைக் கேட்ட கோதண்டபாணிக்கே ஒரு கணம் குழம்பியது. சனிக்கிழமை சொன்னது பொய்யா, இது பொய்யா? அவள் அவரைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த கைகளில் ஒன்று மற்றதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"சார், கணவர்ங்கிற முறையில உங்க சம்மதம்?"

அவர் எழுந்தார். தோள் தானாகத் தளர்ந்தது. தாடை தானாக இளகியது. பாழாய்ப்போன பழக்கம் ஒவ்வொன்றாக வந்து இடம் பிடித்தது. "உங்க சிரமம்..." என்று ஆரம்பித்துவிட்டார். அப்போது மேஜைமேல் இருந்த படிவம் கண்ணில் பட்டது. முப்பது வருடமாகத் தலைகீழாக இருக்கும் காகிதத்தை வாசித்துப் பழகிய கண். ஐந்தாவது வரியில், கொடையாளருக்கு அறுவையின்போது ஏற்படக்கூடியவை என்று நான்கு விஷயங்கள் இருந்தன. நான்காவதை அவர் இரண்டு தடவை வாசித்தார்.

"வேண்டாம்" என்றார்.

அறையில் எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"காரணம் சொல்லலாமா சார்?"

"என் பொண்டாட்டி. எனக்கு முழுசா வேணும்."

இளைய டாக்டர் முன்னால் சாய்ந்தார். அவரும் பழகியவர்தான், நன்றாகத் தெரிந்தது. "உங்க பயம் புரியுது சார். ஒரு சிறுநீரகத்தோட அவங்க ரொம்ப நல்லா வாழலாம். ஆபத்து ஆயிரத்துல ஒண்ணுகூட இல்ல."

"அந்த ஒண்ணு அவளா இருந்தா நீங்க வந்து எனக்குச் சோறு போடுவீங்களா? வேண்டாம்னா வேண்டாம்."

அதிகாரி எழுதினார். கணவர் மறுப்பு, காரணம்: தன்னலம். கோதண்டபாணி அதை வாசித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார்.

வெளியே நடைவழியில் ஹேமாதான் முதலில் வாயைத் திறந்தாள். "உங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்காண்ணா?" என்றாள். ஹேமா மேலே பேசுவதற்குள் சௌந்தரவல்லி அவர்பக்கம் திரும்பினாள்.

"முப்பது வருஷம். ஒரு நாள், ஒரே ஒரு நாள் என் பேச்சக் கேட்டிருக்கீங்களா? எதக் கேட்டாலும் வேண்டாம். என் தம்பி, என் உடம்பு, உங்களுக்கு என்ன நஷ்டம்? என்ன குறைஞ்சு போயிடும் உங்களுக்கு?"

முதல் இரண்டு வாக்கியம் ஹேமாவின் காதுக்காகச் சொன்னவை. அது அவருக்குப் புரிந்தது. மூன்றாவதில் அவள் குரல் உடைந்தது. அதற்குப் பிறகு வந்தது யாருடைய காதுக்காகவும் இல்லை. அவள் அவர் நெஞ்சில் கையால் அடித்தாள். கொடுக்க வேண்டும் என்று வந்த ஒருத்தியும் அவளுக்குள் இருந்திருக்கிறாள். அவளுக்குத்தான் இப்போது ஆறவில்லை. கோதண்டபாணி அசையாமல் நின்று அடியை வாங்கிக்கொண்டார்.

ராமானுஜம் நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். கையை நீட்டி, அடித்துக்கொண்டிருந்த அக்காவின் கையைப் பிடித்தார்.

"விடுக்கா. பயமா இருக்காதா பின்ன?"

அத்தானைப் பற்றிச் சொன்னதாகத்தான் ஹேமா எடுத்துக்கொண்டாள். ஆனால் அவர் அத்தானைப் பார்க்கவே இல்லை. அக்காவைப் பார்த்துச் சொன்னார். "எனக்கே அந்த ஊசியப் பாத்தா இன்னும் பயமா இருக்கு. நான் வேற கிட்னிக்கு லிஸ்ட்ல பேர் குடுத்திருக்கேன். வர்றப்ப வரட்டும். நீ அழாத."

சௌந்தரவல்லி பெஞ்சில் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சத்தம் வராமல், வெகுநேரம் அழுதாள். ஹேமா என்னவென்று புரியாமல் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

ராமானுஜம் பிறகுதான் கோதண்டபாணியை நிமிர்ந்து பார்த்தார்.

"அத்தான், டயாலிசிஸுக்கு நேரமாச்சு. லிஃப்ட் வரைக்கும் தள்ளிட்டு வர்றீங்களா?"

கோதண்டபாணி நாற்காலியின் பின்னால் போய்ப் பிடியைப் பற்றினார். அவருக்கு இதெல்லாம் பழக்கமில்லை. இடது சக்கரம் ஒருபக்கம் இழுத்தது. முதல் திருப்பத்திலேயே சுவரில் இடித்தார்.

"மெதுவா, மெதுவா" என்றார் ராமானுஜம். "செவ்வாய், வியாழன், சனி. மூணு நாளும் வாங்க அத்தான், பழகிடும்."

கோதண்டபாணி சரி என்றார்.